பயாஸ் போட்டும் கேம் ஓடலையா? திரை எங்கே நிற்கிறதென்று பார்த்துச் சரிசெய்யும் வழி

எமுலேட்டரில் (பழைய கன்சோலைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) பழைய கன்சோல் கேம் ஓடவில்லை என்றாலே ‘பயாஸ் (கன்சோல் தொடங்கும்போது முதலில் ஓடும் அதன் உள்நிரல்) சரியில்லை’ என்று முடிவுகட்டி, கண்ட இடத்திலிருந்து ஒரு பயாஸ் மூட்டையை இறக்கிக் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதனால் பிரச்சினை தீர்வதில்லை. ஃபோல்டரில் 300 ஃபைல் சேர்ந்து, எது எதற்கென்று தெரியாமல் போவதுதான் மிச்சம். திரை எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். பயாஸ் இல்லையா, பெயர் தப்பா, உள்ளடக்கம் தப்பா, அல்லது பயாஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்பதை அந்த இடமே காட்டிக்கொடுத்துவிடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் புழங்கும் மூன்று அமைப்புகளை வைத்து இதை எழுதியிருக்கிறோம்: ஒன்று, ஆண்ட்ராய்டு போனில் ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் செயலி; இரண்டு, ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரிலோ பழைய கம்ப்யூட்டரிலோ பேட்டோசெரா, ரெக்கால்பாக்ஸ், ரெட்ரோபை; மூன்று, ஆர்க்ஓஎஸ் போட்டு வரும் சீனக் கையடக்கக் கருவிகள்.

ஃபைல் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். கருவியில் அவை ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும். தனியாகச் சொல்லாத இடங்களில் எல்லாம் சிறிய எழுத்து, இடைவெளி கிடையாது.

எந்த ஃபோல்டரில் போடுவது என்பதை முதலிலேயே முடித்துவிடலாம். பேட்டோசெராவில் யூசர்டேட்டாவுக்குள் பயாஸ். ரெக்கால்பாக்ஸில் ஷேருக்குள் பயாஸ். ரெட்ரோபையில் ஹோமுக்குள் ரெட்ரோபை, அதற்குள் பயாஸ். இங்கே மட்டும் ஃபோல்டர் பெயர் பெரிய எழுத்து. ஆர்க்ஓஎஸ்ஸில் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் ‘ஈஸிரோம்ஸ்’ என்று ஒரு டிரைவ் தெரியும், அதற்குள் பயாஸ். தனி ரெட்ரோஆர்ச் என்றால் அமைப்புகளில் டைரக்டரி, அதில் சிஸ்டம்/பயாஸ் என்ற வரி எந்த ஃபோல்டரைக் காட்டுகிறதோ அதுதான்.

“கேமைத் தொட்டா, ஒரு நொடியில மெனுவுக்கே திரும்ப வந்துருதுங்க”

கருப்பாக மினுக்கி மெனுவுக்குத் திரும்பினால், எமுலேட்டர் தொடங்கும்போதே எதையோ தேடிக் காணாமல் நின்றுவிட்டது என்று பொருள். அந்தக் கன்சோலுக்கு பயாஸ் வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி. என்இஎஸ், எஸ்என்இஎஸ், கார்ட்ரிட்ஜ் மெகா டிரைவ், நின்டெண்டோ 64, கேம் பாய் இவற்றுக்கெல்லாம் வழக்கமான கோர்களில் (ரெட்ரோஆர்ச்சுக்குள் ஒவ்வொரு கன்சோலையும் ஓட்டும் தனித்தனி எமுலேட்டர்கள்) பயாஸ் தேவையில்லை. இவை மெனுவுக்குத் திரும்பினால் ரோமையோ (கேம் ஃபைல்) கோரையோ பாருங்கள். பயாஸ் ஃபோல்டரைத் திறக்கவே வேண்டாம்.

கட்டாயம் வேண்டியவை: பீட்டில் அல்லது ஸ்வான்ஸ்டேஷன் கோரில் பிளேஸ்டேஷன் 1, பீட்டில் கோரில் சாட்டர்ன், மெகா சிடி, பிசி எஞ்சின் சிடி, ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம், 3டிஓ, பிளேஸ்டேஷன் 2. இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும் என்ற வகையில் வருபவை: பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு, டிரீம்காஸ்ட்டுக்கான ஃபிளைகாஸ்ட், கேம் பாய் அட்வான்ஸுக்கான எம்ஜிபிஏ, டிஎஸ்ஸுக்கான டெஸ்மியூம், அமிகாவுக்கான பியூஏஇ. இவற்றுக்குள்ளேயே அசல் பயாஸின் வேலையைப் போலியாகச் செய்யும் நிரல் இருக்கிறது.

ரெட்ரோஆர்ச்சில் கேமை விட்டுவிட்டு கோரை மட்டும் ஏற்றுங்கள். முதன்மை மெனுவில் தகவல், அதில் கோர் தகவல், அங்கே கீழே இறங்கினால் ஃபர்ம்வேர் (பயாஸ் ஃபைல்) பட்டியல். எந்தப் பெயரில் எந்த ஃபைலை அந்தக் கோர் தேடுகிறது, அது இருக்கிறதா, கட்டாயமா, விருப்பமா எல்லாம் அங்கேயே இருக்கும். இணையத்தில் நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். உங்கள் கோர் கேட்கும் பெயர் இந்தப் பட்டியலில் உள்ளதுதான்.

ஒன்றை மனதில் வையுங்கள். அந்தப் பட்டியல் பெயரை மட்டும்தான் பார்க்கிறது. வெறும் நோட்பேட் ஃபைலுக்கு அந்தப் பெயரை வைத்தாலும் ‘இருக்கிறது’ என்றே காட்டும். பேட்டோசெராவில் கேம் அமைப்புகளுக்குள் இருக்கும் ‘மிஸ்ஸிங் பயாஸ்’ சோதனை ஒரு படி மேல்: ஃபைலே இல்லையென்றால் ‘மிஸ்ஸிங்’, ஃபைல் இருந்தும் உள்ளடக்கம் அதன் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்றால் ‘அன்டெஸ்டட்’ என்று பிரித்துக் காட்டும். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

“ஃபைல் அங்கயேதான் இருக்குது, ஆனா காணோம்னே சொல்லுதுங்க”

விண்டோஸிலிருந்து காப்பி செய்திருந்தால் முதல் சந்தேகம் ஃபைல் வால் (பெயரின் கடைசியில் புள்ளியோடு வரும் பகுதி) மீது. விண்டோஸ் தெரிந்த வால்களை மறைத்து வைக்கும். ‘எஸ்சிபிஎச்5501’ என்று மட்டும் தெரியும் பிளேஸ்டேஷன் 1 பயாஸ் ஃபைலுக்கு ‘.பின்’ சேர்த்துப் பெயர் மாற்றினால், உண்மையில் அது ‘எஸ்சிபிஎச்5501.பின்.பின்’ ஆகிவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய், ஃபைல் பெயர் வால்களைக் காட்டும் குறியை இட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஒரே ஃபைலை இரண்டு முறை காப்பி செய்ததில் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் 1 ஒட்டிக்கொண்டதும் அப்போதுதான் கண்ணில் படும்.

இரண்டாவது, பெரிய எழுத்து, சிறிய எழுத்து. விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. பேட்டோசெரா, ரெட்ரோபை போன்றவை லினக்ஸ். அவற்றின் இஎக்ஸ்டி4 (லினக்ஸின் சேமிப்பு வடிவம்) பகுதியில் பெரிய எழுத்து எஸ் வேறு, சிறிய எழுத்து எஸ் வேறு. பென் டிரைவும் பல எஸ்டி கார்டுகளும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வடிவத்தில் இருப்பதால் அங்கே இந்த வேறுபாடு கிடையாது. அதனால்தான் பென் டிரைவில் ஓடிய அதே செட்டை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றியதும் நின்றுபோகிறது. பிளேஸ்டேஷன் ஃபைல்கள் முழுக்கச் சிறிய எழுத்து. மெகா சிடியின் ‘பயாஸ்_சிடி_யு.பின்’ கலப்படம்: ‘பயாஸ்’ சிறியது, ‘சிடி’யும் ‘யு’வும் பெரியது, ‘பின்’ மறுபடி சிறியது. அமிகாவின் ‘கிக்34005.ஏ500’ ஃபைலில் வாலில் இருக்கும் ஏ பெரிய எழுத்து. கை தவறுவது பெரும்பாலும் இந்த இரண்டிலும்தான்.

அடுத்து ஜிப். பிளேஸ்டேஷன், சாட்டர்ன், மெகா சிடி பயாஸ்களை ஜிப்பிலிருந்து பிரித்துத்தான் போட வேண்டும். நியோ ஜியோவின் ‘நியோஜியோ.ஜிப்’, ஃபிளைகாஸ்ட் கேட்கும் ‘நவோமி.ஜிப்’, ‘ஏடபிள்யுபயாஸ்.ஜிப்’ ஆகியவற்றைப் பிரிக்கவே கூடாது. ஆர்க்கேடு வகை எல்லாம் ஜிப்பாகவே, கன்சோல் வகை பிரித்து என்று நினைவில் கொள்ளுங்கள். ஜிப்பைப் பிரிக்கும்போது அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாகி, ஃபைல் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்வதும் நடக்கும். பயாஸ் ஃபோல்டரின் உட்பிரிவுகளை எமுலேட்டர் தோண்டிப் பார்ப்பதில்லை.

சில கோர்கள் நேர்மாறாக உள்ஃபோல்டரில்தான் தேடும். டிரீம்காஸ்ட்டுக்கு ‘டிசி’ என்ற ஃபோல்டருக்குள் ‘டிசி_பூட்.பின்’. ரெட்ரோஆர்ச்சின் பிளேஸ்டேஷன் 2 கோருக்கு ‘பிசிஎஸ்எக்ஸ்2’ ஃபோல்டர், அதற்குள் ‘பயாஸ்’, அதற்குள் ஃபைல்.

ஆப்பிள் கம்ப்யூட்டரிலிருந்து காப்பி செய்தவர்கள், புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய 4 கேபி ஃபைல்களைக் கண்டு குழம்ப வேண்டாம். அவை மேக் போடும் குப்பை, அழித்துவிடலாம்.

இரண்டு கார்டு செருகும் கையடக்கக் கருவியில், கேம்களை இரண்டாவது கார்டிலிருந்து எடுக்கும்படி ஆர்க்ஓஎஸ்ஸில் மாற்றியிருந்தால் பயாஸ் ஃபோல்டரும் அந்தக் கார்டிலேயே இருக்க வேண்டும். முதல் கார்டில் எவ்வளவு சரியாக வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை.

ஒரு ஃபோல்டரில் உள்ள கேம்கள் ஓடுகின்றன, இன்னொரு ஃபோல்டரில் உள்ளவை பயாஸ் இல்லை என்கின்றன என்றால், ரெட்ரோஆர்ச்சில் ‘சிஸ்டம் ஃபைல்கள் கேம் ஃபோல்டரிலேயே உள்ளன’ என்ற தேர்வு தெரியாத்தனமாக ஆன் ஆகியிருக்கும். அணைத்துவிடுங்கள்.

“இருக்குதுன்னு காட்டுது, திரை மட்டும் கருப்பாவே நிக்குதுங்க”

பெயரும் இடமும் சரி, உள்ளடக்கம் சரியில்லை என்ற சந்தேகம் இங்கேதான் வர வேண்டும். முதலில் அளவு. வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். அதில் ‘சைஸ்’ என்ற வரியில் பைட் கணக்கைப் பாருங்கள். ‘சைஸ் ஆன் டிஸ்க்’ வேண்டாம்.

பிளேஸ்டேஷன் 1: 5,24,288 பைட்
சாட்டர்ன்: 5,24,288
பிளேஸ்டேஷன் 2 முதன்மை ஃபைல்: 41,94,304
டிரீம்காஸ்ட் பூட்: 20,97,152
மெகா சிடி: 1,31,072
பிசி எஞ்சின் சிஸ்டம் கார்டு 3: 2,62,144
கேம் பாய் அட்வான்ஸ்: 16,384
டிஎஸ்: பயாஸ்7-க்கு 16,384; பயாஸ்9-க்கு 4,096; ஃபர்ம்வேருக்கு 2,62,144
ஃபேமிகாம் டிஸ்க் சிஸ்டம்: 8,192
கேம் பாய்: 256, கேம் பாய் கலர்: 2,304

அளவு குறைந்தால் காப்பி பாதியில் அறுந்தது. சில கேபி மட்டும் இருந்தால், பயாஸ் என்ற பெயரில் ஒரு இணையப் பக்கத்தைச் சேமித்திருக்கிறீர்கள். நோட்பேடில் திறந்தால் தெரிந்துவிடும். பிசி எஞ்சின் கார்டு 2,62,656 என்று காட்டினால், பழைய காப்பிக் கருவி முன்னால் ஒட்டிய 512 பைட் தலைப்பு கூடவே வந்திருக்கிறது. அது இல்லாத காப்பிதான் வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் எம்டி5. விண்டோஸில் செர்ட்யுடில் கட்டளையும் லினக்ஸில் எம்டி5சம் கட்டளையும் 32 எழுத்துள்ள ஒரு கைரேகையைத் தரும். முழுதும் ஒப்பிட வேண்டியதில்லை, முன்னும் பின்னும் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். எஸ்சிபிஎச்5501-க்கு 490 என்று தொடங்கி 246 என்று முடியும். 5502-க்கு 32736 என்று தொடங்கி 3050 என்று முடியும். 5500-க்கு 8, டி, டி, 7 என்று தொடங்கி 5, 3, சி என்று முடியும். சிஸ்டம் கார்டு 3-க்கு 38179 தொடக்கம், 53114 முடிவு. மற்றவற்றின் கைரேகையை ரெட்ரோஆர்ச்சின் கோர் தகவல் பகுதியே பல கோர்களுக்குக் கீழே குறிப்பாகத் தருகிறது.

கைரேகை ஒத்துப்போகவில்லை என்றதும் ஃபைல் கெட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அட்டாலியில் கிடந்த சொந்தக் கன்சோலிலிருந்து எடுத்த பயாஸாக இருந்தால், அது வேறு மாடலின் பயாஸாக இருக்கலாம். பிளேஸ்டேஷன் 1-இன் அடிப்பக்க ஸ்டிக்கரில் மாடல் எண்ணின் கடைசி இலக்கம் 0 என்றால் ஜப்பான், 1 அமெரிக்கா, 2 ஐரோப்பா, 3 ஆசியா. 5501, 7003 இரண்டிலும் ஒரே பயாஸ்தான். 5502, 5552 இரண்டிலும் அப்படியே. பீட்டில் கோர் தனக்குத் தெரிந்த சில பயாஸ்களை மட்டுமே ஏற்கும். டக்ஸ்டேஷன், பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு போன்றவை வேறு மாடல்களையும் ஏற்கும். சொந்தக் கன்சோல் 7502 போன்ற மாடலாக இருந்தால், பெயரை 5502 என்று மாற்றி பீட்டிலை ஏமாற்றப் பார்ப்பதைவிட கோரை மாற்றுவது மேல்.

சொந்தக் கன்சோலிலிருந்து எடுப்பது பற்றி ஒரு வார்த்தை. பயாஸ் பதிப்புரிமை உள்ள மென்பொருள். நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏஏ), சட்டப்படி மென்பொருளின் ஒரு பிரதியை வைத்திருப்பவர் அந்தப் பிரதியிலிருந்து பாதுகாப்புக்காக நகல் எடுத்துக்கொள்வதைப் பேசுகிறது. இணையத்தில் கிடைக்கும் மூட்டையை அது பேசவில்லை. பிளேஸ்டேஷன் 2-இல் எடுப்பது சுலபம்: ஃப்ரீ மெக்பூட் (வெளி நிரல்களை ஓட்ட வழிவிடும் மென்பொருள்) போட்ட மெமரி கார்டு, ஃபேட்32 பென் டிரைவ், பயாஸ் எடுக்கும் சிறு நிரல், இவ்வளவு போதும். பென் டிரைவில் பல ஃபைல்கள் வந்து விழும். 41,94,304 பைட் உள்ளது முதன்மை, மற்றவை அதற்குத் துணை. அப்படியே ஒரே பெயரோடு ஒன்றாக வைத்திருங்கள், பிரிக்க வேண்டாம்.

சாட்டர்னில் இன்னொரு விசித்திரம் உண்டு. சில காப்பிகளில் பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறியிருக்கும். அளவு அச்சாக ஒத்துப்போகும், கைரேகை மட்டும் வேறு. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்தால் ஆங்கில வார்த்தைகள் எழுத்து முன்பின்னாக மாறித் தெரியும். அது வேலைக்கு ஆகாது.

“லோகோ வருதுங்க, அதுக்கப்புறம் ஒண்ணுமே வரமாட்டீங்குது”

தோட்டத்து ஸ்டார்ட்டர் பிடித்து மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் யாரும் ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பார்ப்பதில்லை. இதுவும் அதேதான். லோகோ வந்துவிட்டது என்றால் பயாஸ் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. பிறகும் பயாஸை மாற்றி மாற்றிப் போட்டு நேரத்தை வீணாக்கக் கூடாது.

பிளேஸ்டேஷன் 1-இல் இது மிகத் துல்லியமாகத் தெரியும். தொடக்கத்தில் இரண்டு திரைகள் வரும். முதலாவது வெள்ளைப் பின்னணியில் சோனி பெயரும் ஆரஞ்சு வடிவமும். அது முழுக்க பயாஸிலிருந்து வருவது. டிஸ்க் இல்லாவிட்டாலும் வரும். இரண்டாவது, கருப்புப் பின்னணியில் பிளேஸ்டேஷன் குறியும் உரிம வரியும். டிஸ்க்கைப் படித்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் பயாஸ் அதைக் காட்டும். ஆகவே:

வெள்ளைத் திரையே வரவில்லை: பயாஸைப் பாருங்கள். ஆனால் லோகோவைத் தவிர்க்கும் தேர்வு கோரில் ஆன் ஆகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ஆன் என்றால் எப்படியும் வராது.

வெள்ளைத் திரை வந்து, பிறகு மெமரி கார்டு, சிடி பிளேயர் என்று கேட்கும் மெனு வருகிறது: டிஸ்க் படிக்கப்படவில்லை.

கருப்புத் திரையும் வந்து, அதற்குப் பிறகு நிற்கிறது: டிஸ்க் பிம்பம் (டிஸ்க்கின் ஃபைல் நகல்) பழுதாக இருக்கலாம், இல்லையென்றால் கோர் அமைப்பு.

டிஸ்க் படிக்கப்படாததற்குப் பெரும்பாலான காரணம் கியூ ஃபைல். ‘.கியூ’ என்பது சின்ன உரை ஃபைல். உள்ளே, தன் ஜோடியான ‘.பின்’ ஃபைலின் பெயர் மேற்கோள் குறிக்குள் எழுதியிருக்கும். அழகுக்காக ஃபைல் பெயரை மாற்றினால் உள்ளே இருக்கும் பெயர் மாறாது. நோட்பேடில் திறந்து, ஃபோல்டரில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். லினக்ஸில் இங்கேயும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கணக்கு உண்டு. பல டிராக் உள்ள கேம்களில் ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு வரி இருக்கும், ஒவ்வொரு ஃபைலும் இருந்தாக வேண்டும். மெனுவில் ‘.பின்’ ஃபைலைத் தேர்ந்தெடுக்காமல் ‘.கியூ’வைத் தேர்ந்தெடுங்கள். எல்லாம் சரியாக ஓடிய பிறகு சிஎச்டிமேன் என்ற நிரலைக் கொண்டு எல்லாவற்றையும் சுருக்கி ஒரே சிஎச்டி ஃபைலாக்கிவிட்டால் இந்தத் தலைவலி திரும்ப வராது, இடமும் மிச்சம்.

கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸில் வேறொரு கதை. பயாஸ் இல்லாமல் நன்றாக ஓடிய கேம், அசல் பயாஸ் போட்டதும் லோகோவிலேயே நின்றுவிடும். அசல் பயாஸ், கார்ட்ரிட்ஜின் தலைப்பில் உள்ள நின்டெண்டோ லோகோவைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் பூட்டிக்கொள்ளும். ஆர்வலர்கள் எழுதிய சில கேம்களிலும், தலைப்பு கெட்ட மாற்றப் பதிப்புகளிலும் அந்த லோகோ சரியாக இருக்காது. எம்ஜிபிஏவில் பயாஸ் அறிமுகத்தைத் தவிர்க்கும் தேர்வை ஆன் செய்யுங்கள், அல்லது பயாஸ் பயன்பாட்டையே அணைத்துவிடுங்கள். நட்டம் ஒன்றும் இல்லை.

“ஒரு சில கேம் ஓடுது, ஒரு சிலது ஓடமாட்டீங்குதுங்க”

ஓடும் கேம்களின் நாட்டையும் ஓடாதவற்றின் நாட்டையும் எழுதிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் டிஸ்க்கின் குறியீடு எஸ்எல்யுஎஸ், எஸ்சியுஎஸ் என்றால் அமெரிக்கா. எஸ்எல்இஎஸ், எஸ்சிஇஎஸ் என்றால் ஐரோப்பா. எஸ்எல்பிஎஸ், எஸ்எல்பிஎம், எஸ்சிபிஎஸ் என்றால் ஜப்பான். பீட்டில் கோர் டிஸ்க்கின் நாட்டைப் பார்த்து அதற்கான பயாஸைத் தேடும்: ஜப்பானுக்கு 5500, அமெரிக்காவுக்கு 5501, ஐரோப்பாவுக்கு 5502. அதில் ஒன்று இல்லையென்றால் அந்த நாட்டு கேம்கள் மட்டும் படுத்துவிடும். ஐரோப்பாவைப் போல இந்தியாவும் ‘பால்’ என்ற டிவி ஒளிபரப்பு முறை நாடு என்பதால், இங்கே முறையாக விற்ற டிஸ்க் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 5502தான் தேவைப்படும். ஆனால் எல்லாரும் முதலில் போடுவது 5501.

சாட்டர்னில் ஜப்பானுக்கு ‘செகா_101.பின்’, அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சேர்த்து ‘எம்பிஆர்-17933.பின்’. நடுவில் இருப்பது இணைப்புக் கோடு. அடிக்கோடு போட்டால் காணாது. மெகா சிடியில் யு, இ, ஜே என்று மூன்று.

“நியோ ஜியோ மட்டும் ஆவமாட்டீங்குதுங்க”

நியோ ஜியோவில் பயாஸும் கேமும் ஒரே பதிப்புத் தொகுப்பைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். எஃப்பிநியோ கோர் புதுப்பிக்கப்படும்போது ஜிப்புக்குள் எந்தெந்த ஃபைல் இருக்க வேண்டும் என்ற பட்டியலும் மாறலாம். மேம் 2003-பிளஸ் கோருக்கு அதன் பழைய பட்டியல். ஆகவே ‘நியோஜியோ.ஜிப்’ இருந்தும், உள்ளே ஒரு சிறு ஃபைல் குறைவதால் கேம் நிற்கும். எஃப்பிநியோ ஓடாதபோது திரையிலேயே எந்த ஃபைல் குறைகிறது என்று வரிசையாகக் காட்டும். அதைப் படிக்காமல் தள்ளிவிடுவதுதான் பெரிய தப்பு. அந்த வரிகளில் பயாஸ் ஃபைல் பெயர் இருந்தால் ‘நியோஜியோ.ஜிப்’பை மாற்றுங்கள், கேமின் ஃபைல் பெயர் இருந்தால் கேமை.

ஜிப்பை கேம்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே வைப்பது உத்தமம். எஃப்பிநியோ முதலில் அங்கேதான் தேடும், பிறகுதான் சிஸ்டம் ஃபோல்டர். இரண்டு இடத்திலும் இரண்டு பதிப்பு கிடந்தால் எது எடுக்கப்படுகிறது என்று குழம்பிப் போவீர்கள். ஒன்றை அழித்துவிடுங்கள்.

“பயாஸே போடலைங்க, ஆனா ஓடுது. பாதியில நின்னுருது”

பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு பயாஸ் கிடைக்காதபோது வாய் திறக்காமல் தன் உள் நிரலுக்குப் போய்விடும். பெரும்பாலான கேம் ஓடும். சிலவற்றில் மெமரி கார்டு சேவ் ஆகாது, சிலவற்றில் வீடியோ முடிந்ததும் தொங்கும். ‘பயாஸ் போட்டும் இதே நிலைதான்’ என்பவர்கள் உண்மையில் அது பயன்படுகிறதா என்று பார்த்திருக்க மாட்டார்கள். கோர் தேர்வுகளில் பயாஸ் தேர்வை ஆட்டோவில் வைத்து, பயாஸ் லோகோவைக் காட்டும் தேர்வை ஆன் செய்து, கேமை மூடித் திறங்கள். வெள்ளைத் திரை வந்தால் அசல் பயாஸ் வேலை செய்கிறது. வரவில்லை என்றால் அந்த ஃபைலை அது தொடவே இல்லை. மேலே சொன்ன பெயர், இடம், அளவு மூன்றையும் மறுபடி பாருங்கள். உறுதியானதும் லோகோவை அணைத்துக்கொள்ளலாம்.

“போன்ல ஃபோல்டர் மாத்தி வெச்சேன், மறுபடி பழையபடி ஆயிருச்சுங்க”

ஆண்ட்ராய்டு 11 முதல், ‘ஆண்ட்ராய்டு’ ஃபோல்டருக்குள் இருக்கும் ‘டேட்டா’ பகுதியை மற்ற ஃபைல் மேனேஜர்கள் பார்க்க முடியாது. ரெட்ரோஆர்ச்சின் சிஸ்டம் ஃபோல்டர் அங்கே அமைந்துவிட்டால் நீங்கள் ஃபைலைக் கொண்டுபோய் வைக்க வழியில்லை. போனின் பொதுச் சேமிப்பில் ‘ரெட்ரோஆர்ச்’ என்றும் அதற்குள் ‘சிஸ்டம்’ என்றும் ஃபோல்டர் உருவாக்கி, ஃபைல்களைப் போட்டு, செயலிக்குச் சேமிப்பு அனுமதி கொடுத்து, டைரக்டரி அமைப்பில் சிஸ்டம்/பயாஸ் வரியை அங்கே திருப்புங்கள்.

அதன் பிறகுதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். ரெட்ரோஆர்ச் மாற்றங்களை முறையாக வெளியேறும்போதுதான் எழுதி வைக்கும். சமீபச் செயலிகள் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டு மூடினால் எழுதாது. முதன்மை மெனுவில் கான்ஃபிகரேஷன் ஃபைல், அதில் தற்போதைய அமைப்பைச் சேமி என்பதை அழுத்திவிட்டு, அதே மெனுவில் உள்ள வெளியேறு வழியாகவே வெளியே வாருங்கள்.

பிஎஸ்பி கேம் ஓடுகிறது, எழுத்து மட்டும் காணோம் என்றால் அது பயாஸ் இல்லை. பிபிஎஸ்எஸ்பிபி கோருக்கு எழுத்துரு போன்ற துணை ஃபைல்கள் சிஸ்டம் ஃபோல்டரில் வேண்டும். ஆன்லைன் அப்டேட்டரில் கோர் சிஸ்டம் ஃபைல்களை இறக்கும் இடத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பிஎஸ்பிக்கு பயாஸ் என்று யாராவது ஒரு ஃபைல் கொடுத்தால் வாங்காதீர்கள்.

“நேத்து வரைக்கும் ஓடுச்சு, கரண்ட் போய் வந்தப்புறம் ஓடலைங்க”

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நிற்கும் நாளில் ராஸ்ப்பெரி பை ஓடிக்கொண்டிருந்தால், அது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அறுபடலாம். பயாஸ் ஃபைல் தானாக மாறுவதில்லை. ஆனால் எஸ்டி கார்டின் ஃபைல் அட்டவணை கெட்டால் அதுவும் சேர்ந்து போகும். கைரேகையை மறுபடி எடுத்துப் பாருங்கள். மாறியிருந்தால் ஃபைலை மட்டும் மாற்றி விட்டுவிடாமல் கார்டையும் சோதியுங்கள். ஒரே ஃபைலுக்கு அடுத்தடுத்து எடுக்கும் கைரேகை ஒவ்வொரு முறையும் வேறாக வந்தால், கார்டு அல்லது கார்டு ரீடர் போய்விட்டது.

சந்தையிலும் தெருவோரத்திலும் மலிவாகக் கிடைக்கும் ‘512 ஜிபி’ கார்டுகளில் போலி உண்டு. உள்ளே இருக்கும் உண்மையான அளவு நிரம்பியதும், அதற்கு மேல் எழுதுவதெல்லாம் ஓசையில்லாமல் தொலையும். காப்பி முடிந்ததென்று காட்டும், ஃபைல் பெயரும் அளவும் தெரியும், உள்ளே வெறும் பூஜ்யம். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யு, லினக்ஸில் எஃப்3 கொண்டு வாங்கியவுடனே முழுக் கார்டையும் சோதித்துவிடுங்கள். சீனக் கையடக்கக் கருவியோடு பெயரில்லாத கார்டு வந்தால், ஓடுகிறதே என்று விடாமல் நல்ல கார்டுக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

ராஸ்ப்பெரி பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். போன் சார்ஜரில் ஓட்டினால் திரை மூலையில் மின்னல் குறி வரும். அது வந்தாலே கார்டுக்கு ஆபத்து. வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால் அந்த லைனில் செருகுங்கள். இல்லையென்றால், மெனு வழியாக ஷட்டவுன் செய்த பிறகே சுவிட்சை அணையுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் லாக் (நடந்ததையெல்லாம் எமுலேட்டர் எழுதி வைக்கும் பதிவு). ரெட்ரோஆர்ச்சில் லாகிங் அமைப்பில் விவரப் பதிவையும் ஃபைலில் எழுதுவதையும் ஆன் செய்து, கேமை ஒருமுறை ஓட்டி நிற்கவிடுங்கள். பேட்டோசெராவில் யூசர்டேட்டாவுக்குள் சிஸ்டம், அதற்குள் லாக்ஸ் ஃபோல்டரில் கேம் தொடங்கியபோது எழுதிய ஃபைல்கள் இருக்கும். ரெட்ரோபையில் ரன்கமாண்ட் லாக். உள்ளே ஃபர்ம்வேர், பயாஸ், மிஸ்ஸிங் என்ற சொற்களைத் தேடுங்கள். எந்தப் பாதையில் எந்தப் பெயரைத் தேடிக் காணவில்லை என்று முழுசாக எழுதியிருக்கும். பாதையில் ஒரு எழுத்து மாறியிருப்பது பெரும்பாலும் அங்கேதான் பிடிபடும். வேறொருவரிடம் உதவி கேட்பதானாலும் ‘ஓடலைங்க’ என்று மட்டும் எழுதாமல், கோரின் பெயர், ஃபைலின் பைட் அளவு, திரை நின்ற இடம், லாக்கின் கடைசி 20 வரிகள் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள்.